பெருக்கல் குறி போட்ட இடம்

அத்தியாயம் 14

ஏழரை வாரங்களுக்கு முன்னால், ஒரே காலையில், அடுத்தடுத்த இரண்டு அறுவை அரங்குகளில், சின்னவளின் கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டியெடுத்து அவளுடைய அப்பாவுக்கு வைத்தார்கள். அப்பாவின் பழைய ஈரல், அதிலிருந்த கட்டிகளோடு, மூடி போட்ட டப்பாவில் பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. அதன்பிறகு வீட்டில் புது ஈரலைப் பற்றித்தான் பேச்சு. பழையது போகிற போக்கில் என்ன சொல்லிவிட்டுப் போனது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்க அப்பா விடவில்லை.

அவர் ஓய்வு பெற்ற இணை இயக்குநர். ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது, இயக்குவதற்கு வீட்டில் ஒரு மின்விசிறிதான் மிச்சம். ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே, முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், "கேன்சர் ஃபைலை மூடியாச்சு" என்று அறிவித்தார். மூடிய ஃபைலைத் திறப்பது அவருடைய முப்பத்தோரு வருடப் பணியில் நடந்ததே இல்லை.

அவர் இருப்பது பெரியவன் வீட்டில். பெரியவனின் மனைவியும் பிள்ளைகளும் போன மாதமே வெளிநாடு போய்விட்டார்கள். அவனுக்கு அங்கே மூன்று வருட வேலை. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவனும் கிளம்புகிறான். ஈரல் கொடுத்தது தங்கை, வந்தவர்களிடம் நன்றி வாங்கிக்கொண்டது அண்ணன் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புதன்கிழமை காலை சின்னவள் ஆஸ்பத்திரிக்குப் போனது தன் வயிற்றைக் காட்டத்தான்.

ஈரல் டாக்டர் தழும்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வலி இருக்கா?"

"சிரிச்சா இருக்கு."

"வீட்டுல அடிக்கடி சிரிக்கறீங்களா?"

"இல்ல டாக்டர். அதனால சமாளிச்சுட்டு வரேன்."

"உங்க ஈரல் நல்லா வளர்ந்திருக்கு. வேலைக்குப் போறீங்கல்ல?"

போய்க்கொண்டிருந்தாள். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளில் மெழுகு ஊற்றி, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பாள். ஊரில் பாதிப் பெரிய மனிதர்கள் மேடையில் சிரிப்பது அவள் செய்து கொடுத்த சிரிப்பு.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அப்பா விஷயத்துலதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். நானா இருந்தா கீமோ எடுத்திருப்பேன். சரி, அவர் முடிவு. மதிக்கணும்."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த சின்னவளின் கை பாதியில் நின்றது.

"எந்த முடிவு?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். விஷயம் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டோம் என்பது முகத்தில் வந்தது, ஆனால் பின்வாங்க நேரமில்லை. கணினியைத் திருப்பி வைத்தார்.

"எடுத்த பழைய ஈரலைத் துண்டு துண்டா வெட்டிப் பார்த்தாங்க. சின்ன ரத்தக் குழாய்க்குள்ள கேன்சர் செல் இருந்திருக்கு. ஸ்கேன்ல தெரியாது இது. ஈரலை மாத்திட்டோம், ஆனா ரத்தத்துல கிளம்பிப் போனது எங்கயாவது உட்கார்ந்திருக்கலாம். திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம். அதுக்காகத்தான் கீமோ சொன்னேன். மூணு வாரத்துக்கு ஒண்ணு, ஆறு தடவை."

"எடுத்தா வராதா?"

"அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன். இதுல டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் ஒரே கருத்து கிடையாது. சிலருக்கு வராம இருக்கு, சிலருக்குத் தள்ளிப் போகுது, சிலருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. போதாக்குறைக்கு, புது ஈரலை உடம்பு விரட்டாம இருக்க அவர் மாத்திரை சாப்பிடறார், எதிர்ப்புச் சக்தி ஏற்கனவே குறைவு. கிருமி தொத்தற ஆபத்து உண்டு. எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டுத்தான் எடுக்கலாம்னு சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்க அண்ணன்கிட்ட. அப்பாவுக்கு எல்லாம் தெரியும், யோசிச்சு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டார்னு சொல்லி, எழுதிக் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார்."

"நீங்க அப்பாகிட்ட கேக்கலையா?"

டாக்டர் துண்டை மடித்தார். "கேட்டிருக்கணும்." பிறகு, "கையெழுத்து இருந்துதே" என்றார்.

இருந்தது. அச்சிட்டுக் கொடுத்த நகலில் அப்பாவின் கையெழுத்து, பெரிய சுழியில் கிளம்பி, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்து, சரக்கு ரயில் மாதிரி நீண்டிருந்தது. அதன் இடதுபக்கம் மங்கலாக ஒரு பெருக்கல் குறி. பென்சிலில் போட்டு, சரியாக அழிக்காமல் விட்டது.

அந்தக் குறியைச் சின்னவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

படிப்பது குமாஸ்தாவின் வேலை, கையெழுத்து அதிகாரியின் வேலை என்பது இணை இயக்குநரின் கொள்கை. அவருடைய குமாஸ்தா காகிதத்தைப் படித்து, கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டுவார். அப்பா குறியைப் பார்ப்பார், போடுவார். மை காய்ந்ததும் குமாஸ்தா குறியை அழித்துவிடுவார். அந்தக் குமாஸ்தாவுக்கு ஆபீசில் பெயரே "பென்சில்" என்று ஆகிவிட்டது. வீட்டிலும் இதே நிர்வாகம்தான். கணக்கில் பதினொன்று வாங்கிய மதிப்பெண் அட்டையில் சின்னவள் தானே குறி போட்டு நீட்டியிருக்கிறாள். சரக்கு ரயில் கம்பீரமாக அதன்மேல் ஓடியது. அந்த வீட்டுப் பிள்ளைகள் எழுதப் பழகிய முதல் எழுத்தே பெருக்கல் குறிதான்.

"இப்பவும் ஆரம்பிக்கலாமா டாக்டர்?"

"வெள்ளிக்கிழமையோட, ஆபரேஷனுக்கு அப்புறம் எட்டாவது வாரம் முடியுது. அதுக்கப்புறம் ஆரம்பிச்சுப் பெரிய பிரயோஜனம் இல்ல. வெள்ளி பத்தரைக்கு அவரே வரணும். அவர் வாயால, 'நான் படிக்காம போட்டது, எனக்குத் தெரியாது'ன்னு என்கிட்ட சொல்லணும். பழைய காகிதத்தை ரத்து பண்ணிட்டு அன்னைக்கே ஆரம்பிக்கறேன். நீங்க சொன்னாலும் செல்லாது, அண்ணன் சொன்னாலும் செல்லாது."

"இனிமே அண்ணன் சொன்னா செல்லாதுங்கறீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பெரியவன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பயிற்சி அதிகாரி. மூன்றாம் மாடிப் பயிற்சி அறையில், கழுத்துப்பட்டையில் குட்டி மைக் செருகிக்கொண்டு, இருபது பேருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். திரையில் தலைப்பு: "கடினமான செய்தியை மென்மையாகச் சொல்ல ஏழு படிகள்."

சின்னவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான்காம் படி நடந்துகொண்டிருந்தது.

"வாடிக்கையாளர் கண்ணைப் பார்த்துப் பேசணும். உண்மையை மறைக்கக் கூடாது. மறைச்சா என்ன ஆகும்?" என்று கேட்ட பெரியவன், கடைசி வரிசையைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் இடைவேளை" என்று முடித்தான்.

தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"என்ன பல்லு, இங்க வந்துட்ட? அப்பாவுக்கு ஏதாவதா?" பல் வேலைக்குப் போனதிலிருந்து தங்கையை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லன்னுதானே எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கே."

நகலை நீட்டினாள். அவன் பார்த்தான். மைக்கைத் தொட்டு, அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டான்.

"இது எப்படிக் கிடைச்சுது உனக்கு?"

"மொத கேள்வியே இதுதானா?"

"டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? பலிக்கும்னு சொன்னாரா? குறையலாம், தள்ளிப் போகலாம், பலன் கிடைக்கலாம். எல்லாம் லாம், லாம். அதை நம்பி அந்த மனுஷனை நாலு மாசம் வாந்தி எடுக்க வெக்கணுமா?"

"வேண்டாம்னா வேண்டாம். அதை அவர் சொல்லணும்."

"அவர்கிட்ட சொன்னா பயந்துடுவார்."

"பயந்துட்டுப் போகட்டும். அறுபத்தாறு வயசு. பயப்படறதுக்கும் நீதான் குறி போட்டுக் கொடுக்கணுமா?"

பெரியவன் காகித டம்ளரை நிரப்பினான், குடிக்கவில்லை.

"எப்ப கிளம்பற?" என்றாள் சின்னவள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"சம்பந்தம்னு நான் சொல்லவே இல்லையே. தேதி கேட்டேன்."

அவன் சுவரில் சாய்ந்தான். பயிற்சி அதிகாரியின் குரல் போய் வேறு குரல் வந்தது.

"நீ ஒரு கட்டில்ல படுத்திருந்த, அவர் ஒரு கட்டில்ல. ரெண்டுக்கும் நடுவுல இருபது நாள் நாற்காலியில தூங்கினது நான். ஆறாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் ஓடி ஓடி முட்டி போச்சு. நீ செத்துடுவியோன்னு ஒரு மாடி, அவர் செத்துடுவாரோன்னு ஒரு மாடி. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் டாக்டர் கூப்பிட்டு இதைச் சொல்றார். இன்னொரு தடவை என்னால முடியாது பல்லு. என்னால முடியாதுன்னு எழுத அங்க இடம் இல்ல. அவருக்கு வேண்டாம்னு எழுதத்தான் இடம் இருந்துது."

இருபது நாளும் அவன் நாற்காலியில் இருந்தது உண்மை. பிறகு வந்தவர்களிடம் அவன் நன்றி வாங்கிக்கொண்டது மட்டும்தான் சின்னவளின் கண்ணில் பட்டிருந்தது.

"நீ போ. நான் பார்த்துக்கறேன் அவரை. என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஒண்ணரை ரூம்லயா? உன் புருஷனுக்கே அங்க இடம் பத்தல."

"அவனுக்கு இடம் பத்தாம போகல, நான் பத்தாம போனேன். அதை விடு. இன்னைக்கே அப்பாகிட்ட சொல்லணும்."

"நானே சொல்றேன்," என்றான். "நான் ஆரம்பிச்சது. சாயங்காலம் வா, ரெண்டு பேரும் இருந்து சொல்லலாம்."

உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "சார், அஞ்சாவது படி?"

பெரியவன் மைக்கைத் திருகிக்கொண்டு போனான்.

மதியம் பல் கூடத்தில் ஒரு அவசரப் பல் வரிசை மாட்டிக்கொண்டது. யாரோ ஒருவர் நாளைக்குப் பேச வேண்டுமாம், பல் இல்லாமல் பேச மாட்டாராம். மெழுகு மூன்று முறை பிசகியது. சின்னவள் அண்ணன் வீட்டு மணியை அடித்தபோது ஐந்தேகால்.

ஆட்கள் வந்திருந்தார்கள்.

நீள நாற்காலியில் மூன்று பேர், நடுவில் பென்சில். ஓய்வு பெற்ற பிறகு பென்சில், ஓய்வு பெற்றோர் சங்கத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் "நோயை வென்ற நம் இணை இயக்குநர்" என்று கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டு மடல் கொடுக்கப் போகிறார்கள். அதன் வாசகத்துக்கு ஒப்புதல் வாங்க வந்திருந்தார்கள். பாராட்டப்படுகிறவரிடமே பாராட்டுக்கு ஒப்புதல் வாங்குவது அந்தத் துறையின் பழைய நடைமுறை.

அப்பா முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மூடி, "வாசிங்க, கேக்கறேன்" என்றார்.

பென்சில் வாசித்தார். "...கோப்புகளை மட்டுமல்ல, கொடிய நோயையும் தம் பேனா முனையில் அடக்கிய பெருந்தகையே..."

"'பெருந்தகை' வேண்டாம். கொஞ்சம் ஜாஸ்தி. 'பெருந்தகையாளர்'னு போடுங்க."

பெரியவன் சமையலறை வாசலில் நின்றிருந்தான். சின்னவள் அவன் பக்கத்தில் போய், "இவங்க போகட்டும்" என்று முணுமுணுத்தாள். அவன் தலையாட்டினான். ஆட்டிவிட்டு, கூடத்துக்குள் நடந்தான். நாலு பேர் இருந்தால் அப்பா கத்த மாட்டார், தங்கை அழ மாட்டாள், எல்லாம் மென்மையாக முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பான். ஏழு படிகளில் அப்படி ஒரு படி இருந்தாலும் இருக்கும்.

"அப்பா, நல்ல நேரத்துல ஒரு சின்ன விஷயம். டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டீங்களே. ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோ கொடுக்கலாம்னு டாக்டர் சொன்னது, அது வேண்டாம்னு. சின்னவளுக்கு ஒரு சந்தேகம். நீங்க படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

கீமோ என்ற சொல்லை அப்பா முதல்முறையாகக் கேட்கிறார் என்பது சின்னவளுக்கு அவர் கையைப் பார்த்ததும் தெரிந்தது. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. அவர் பெரியவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் நீள நாற்காலியைப் பார்த்தார். அங்கே மூன்று முன்னாள் ஊழியர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ்," என்றார் அப்பா. "படிக்காம ஒரு பேப்பர்ல நான் கையெழுத்து போட்டதா சரித்திரம் கிடையாது. வேணும்னா இவரைக் கேளுங்க."

எல்லோரும் பென்சிலைப் பார்த்தார்கள். முப்பத்தோரு வருடப் பெருக்கல் குறிகளைப் போட்டு அழித்த மனிதர் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார்.

"சார் ஒரு வரி விட மாட்டார்ம்மா," என்றார்.

"அப்பா," என்றாள் சின்னவள், "பழைய ஈரல்ல ரத்தக் குழாய்க்குள்ள கேன்சர் இருந்திருக்கு. திரும்ப வரலாம். கீமோ கொடுத்தா அது குறையலாம்னு டாக்டர் சொல்றார். இதெல்லாம் அந்தப் பேப்பர்ல இருந்துது. இருந்துதா, சொல்லுங்க."

"என்னைப் பரீட்சை வெக்கறியா நீ?"

"இல்லப்பா. நீங்க படிக்கலன்னா பரவால்லன்னு சொல்றேன். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

யாரும் நினைக்க மாட்டார்கள் என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் தெரிஞ்சு, யோசிச்சு எடுத்த முடிவு. வேண்டாம்னா வேண்டாம். ஒரு தடவை எழுதினதை மாத்தி எழுதற ஆள் நான் இல்ல."

"அதான் சார்," என்றார் பென்சிலுக்கு வலப்பக்கம் இருந்தவர். "அந்த உறுதி யாருக்கு வரும்?" இடப்பக்கம் இருந்தவர், அதையும் மடலில் சேர்க்கலாமே என்றார். பென்சில் சட்டைப் பையிலிருந்து எழுதுகோலை எடுத்து, ஓரத்தில் எழுதி, வாசித்துக் காட்டினார்: "'மருந்தையும் மறுத்த மனத்திண்மையாளரே.' சரியா சார்?"

"சரி," என்றார் அப்பா.

போகும்போது சின்னவள் அவர்களோடு லிஃப்ட் வரை நடந்தாள். மற்ற இருவரும் உள்ளே ஏறியதும் பென்சில் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொல்லியிருக்கணும் பாப்பா."

"சொல்லியிருக்கலாம் சார். ஒரு வார்த்தை."

"சார் முகத்தைப் பார்த்துட்டு எனக்கு வேற மாதிரி சொல்ல வராது. பழகிப்போச்சு." கதவு இரண்டு முறை அவர் கையில் இடித்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள மனசு மாறினா சொல்லுங்க. மடல்ல அந்த வரியை எடுத்துடறேன். இன்னும் கண்ணாடி போடல."

அவள் திரும்பி வந்தபோது பெரியவன் பால்கனியில் போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான். "சொல்லிட்டேன். அவருக்கே வேணாமாம்," என்று கேட்டது. குரலில் நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்காக அவன் வெட்கப்படுவதும் தெரிந்தது. சின்னவள் பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

"சின்னவளே," என்று அறையிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். வெளியே இன்னும் வெயில் இருந்தது. அறையில் விளக்குப் போட வேண்டிய அவசியம் வரவில்லை.

"அந்தப் பேப்பர் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு."

"அதுல..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் என்ன காரணம் சொல்லியிருக்கேன்?"

சின்னவள் பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். அண்ணனின் உருண்டை எழுத்து.

"'குடும்பச் சூழ்நிலையைக் கருதி, நன்கு ஆலோசித்து, முழு மனதுடன் மறுக்கிறேன்.'"

"முழு மனதுடன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"ம். யாராவது கேட்டா சொல்லணும்ல. தெரிஞ்சு வெச்சுக்கணும்."

"அப்பா. என் ஈரல்ல பாதி அது. உங்க வயித்துக்குள்ள இருக்கறது. அதுக்காக இல்ல, உங்களுக்காகக் கேக்கறேன். பயமா இருக்கா?"

அவர் வயிற்றின் வலப்பக்கம் கையை வைத்தார், அங்கே ஏதோ விழித்துக்கொண்ட மாதிரி.

"எத்தனை நாள் வாந்தி வரும்?"

"தெரியல. கேட்டுச் சொல்றேன். நான் கூட இருப்பேன்."

"முடி கொட்டுமா?"

"இருக்கறதே எட்டு முடி."

அப்பாவின் வாய் ஒரு ஓரமாகக் கோணியது. சிரிப்பாகவும் இருக்கலாம். அவளுக்குத் தழும்பு இழுத்தது.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நீங்க வந்தா போதும்," என்றாள் மெதுவாக. "'படிக்காம போட்டேன்'னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை. அவர் பழசைக் கிழிச்சுப் போட்டுட்டு ஆரம்பிச்சுடுவார். பென்சில் சாருக்குத் தெரிய வேண்டாம். அண்ணனுக்குக்கூட வேண்டாம்."

"டாக்டர் பக்கத்துல ஆள் இருப்பாங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இந்த வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை என்று விட்டுவிட்டாள்.

"படிக்கற டாக்டர்ங்க அஞ்சாறு பேர் நிப்பாங்க. நான் சொல்லி வெளியே அனுப்பச் சொல்றேன்."

"நர்ஸ்?"

"அவங்களையும்."

"அப்போ அறையில அந்த டாக்டர் மட்டும்தான்."

"அவர் மட்டும்தான்."

இணை இயக்குநர் யோசித்தார். முழங்காலைத் தடவினார், முகக்கவசத்தின் நாடாவை நீவி நேராக்கினார், பிறகு மகளைப் பார்க்காமல், மிகவும் தணிந்த குரலில் கேட்டார்:

"அவரும் இல்லாம சொல்ல முடியுமா?"